கலாநிதி ஆகாதவளுக்கு ஒரு பெனர்

போன புதன்கிழமை ஹட்டனில் பஸ் ஏறி, கொட்டகலையைத் தாண்டி எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் இறங்கினேன். என்னை வரவேற்க நானே நின்றிருந்தேன்!

ஆமாம். பெரிய பெனர். அதில் பல் தெரியச் சிரிக்கும் நான். பக்கத்தில் ஒரு கிரீடம், ஒரு பேனா, எதற்கென்றே தெரியாமல் ஒரு சிங்கம். கீழே கொட்டை எழுத்தில் ‘அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் வென்ற எங்கள் தோட்டத்துப் புதல்வியை வாழ்த்தி வரவேற்கிறோம் — இளைஞர் மன்றம்’.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் நான் கலாநிதி இல்லை. முதல் வருடப் பரீட்சையில் பெயில்.

இந்த வாரப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இப்போது கோபம் வரும். ‘பரீட்சை என்னாச்சு?’ என்று எத்தனை பேர் கேட்டு எழுதினீர்கள்! நானோ வாராவாரம் பனி கொட்டுவதைப் பற்றியும் அங்கே கிடைக்காத கருவாட்டைப் பற்றியும் எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது. பெனரே போட்டுவிட்டார்கள்.

கலாநிதிப் படிப்பு, அதாவது பி.எச்டி, என்றால் ஒரு பெரிய புத்தகம் எழுதிக் கொடுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அபிவிருத்திப் பொருளியலில் அது கடைசிப் படி. முதல் வருடம் வெறும் வகுப்புகள். நுண்பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டும் எகனோமெட்ரிக்ஸ். வருட முடிவில் மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய பரீட்சை. அதில் தேறினால்தான் இரண்டாம் வருடம். வறுமை, நிலம், கூலி, கடன், கல்வி என்று நான் படிக்க ஆசைப்பட்டுப் போன விஷயங்கள் எல்லாம் அங்கேதான் வரும். அப்புறம் ஆய்வு முன்மொழிவு. அதைக் கடைந்தெடுக்க ஒரு பேராசிரியர் குழு. மக்களிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி. பிறகு களவேலை, மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்தரங்கு. நடுவில் இளநிலை மாணவர்களுக்குப் பாடமும் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து கடைசி வாய்மொழித் தேர்வில் தப்பினால்... கலாநிதி!

முதல் பரீட்சையில் தவறினால்? இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். அதிலும் போனால் முதுமாணிப் பட்டம், அதாவது மாஸ்டர்ஸ், ஒன்றை ஆறுதல் பரிசாகக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஏழைகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்று படிக்கப் போனவள் நான். முதல் வருடம் முழுக்கப் பாடத்தில் ஓர் ஏழையைக் கூடப் பார்க்கவில்லை. கிரேக்க எழுத்துகளைத்தான் பார்த்தேன். ஒருநாள் மட்டும் பேராசிரியர் இலங்கைத் தரவு ஒன்றைத் திரையில் போட்டார். அதில் ‘எஸ்டேட்’ என்று ஒரு வரி. தோட்டத்தில் இருப்பவர் என்றால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அந்த ஒன்று நான்தான். கையைத் தூக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பிறகு நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். யாருக்கு அங்கே நேரம்?

ரிசல்ட் வந்த பிறகு வகுப்புத் தோழர்கள் என்னிடம் ரொம்பவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். கதவைத் திறந்து பிடித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடவில்லை. தோல்வி தொற்றிக்கொள்ளும் என்று பயந்தார்களோ என்னவோ! அறையில் என் குரலையே நான் கேட்காமல் முழு வார இறுதிகள் போயின. ஒருநாள் தாங்க முடியாமல் டிக்கெட் போட்டேன். அம்மாவுக்குப் போன் எடுத்து, “வர்றேன்மா” என்று மட்டும் சொன்னேன்.

அமெரிக்காவில் படிக்கப் போனவள் ஊருக்கு வருகிறாள் என்றால் என்ன அர்த்தம்? படிப்பு முடிந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக் கணக்கு அவ்வளவுதான். ஓ.எல், ஏ.எல், கெம்பஸ்... எதை முடித்தாலும் சந்தியில் பெனர் கட்டுகிற ஊர் இது. இதற்குக் கட்டாமல் இருக்குமா?

சந்தியிலிருந்து த்ரீவீலில் கூட்டிப் போனது மன்றத்தின் செயலாளர் சுரேஷ்தான். அவருடைய சொந்த வண்டி. வழியெல்லாம் ஹார்ன்.

“அக்கா, ஞாயித்துக்கெழம மாரியம்மன் கோயில்ல விழா. பொன்னாடை எல்லாம் வாங்கியாச்சு. தப்பு மேளம் அடிக்கிற தப்புக்காரங்களுக்கும் சொல்லியாச்சு. நீங்க சும்மா ஒரு பத்து நிமிசம் பேசுனா போதும்!”

நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

அடுத்த இரண்டு நாளும் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யாராவது ‘என்னா படிச்ச?’ என்று கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் என்னைத் தெரியாதவர்கள் நடுவில் தனியாக இருந்தேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள் நடுவில் தனியாக இருப்பது இருக்கிறதே... அப்பப்பா! தலைவலி என்று சொல்லிப் போர்வைக்குள் படுத்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நல்ல மழை. மலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, ஈரத் துணியை மாற்றிக்கொண்டு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு லயத்தின் அந்த ஒற்றை அறைக் காம்பிராவில் அவர் ஒருவர்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பட்டென்று போட்டு உடைத்தேன்.

“அம்மா, நான் பெயில்.”

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

“தெரியும் புள்ள.”

“தெரியுமா? எப்படி?”

“ஏ.எல் ரிசல்ட்டு வந்தப்ப நீ கத்துன கத்துல பக்கத்து லயமே ஓடி வந்துச்சு. இந்த வாட்டி ‘வர்றேன்மா’ன்னு பூனையாட்டம் சொன்ன. அப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு.”

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

“அப்புறம் ஏம்மா பெனருக்குப் போட்டோ குடுத்த? வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“என்னான்னு சொல்றது? சுரேசு வந்து வாசல்ல நிக்கிது. குடுக்கலன்னா ஏன்னு கேக்கும். எம் புள்ள எங்கிட்டயே இன்னும் சொல்லல. ஊருக்கு நான் எப்படிச் சொல்றது?”

அடுத்த ரொட்டியைத் தட்டிக்கொண்டே அவரே சொன்னார்.

“மலையில எல்லாரும் சந்தோசம் சந்தோசம்னு சொல்றாங்க. சிரிச்சுக்கிட்டே நின்னேன். அப்புறம் தேயிலச் செடி நிரைக்குள்ள போயி அழுதேன். மழ பேஞ்சுச்சு. ஒருத்தருக்கும் தெரியல.”

ஒரே காம்பிராவில் படுத்து எழுந்துகொண்டு, ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம்! அம்மாவின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். “ரொட்டி கருகுது, விடு” என்றார். ஆனால் நானும் விடவில்லை, அவரும் விடவில்லை.

மறுநாள் காலை இருவருமாகப் போய்ச் சுரேஷிடம் சொன்னோம். அவர் முகம் சுருங்கிப் போனது.

“மொத வருசம்தானாக்கா? அதுலயும் பெயிலா?”

“ஆமா தம்பி.”

“திரும்ப எழுதலாம்ல?”

“ஒரு தடவ எழுதலாம்.”

தலையைச் சொறிந்தார். பெனர் கட்டிய இருவரைக் கூப்பிட்டு என்னவோ பேசினார். பிறகு வந்தார்.

“சரிக்கா, பெனர கழட்டிர்றோம். தப்புக்காரங்க வேணாம். ஆனா ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வந்துருங்க. ஒங்க பேருல ஒரு அர்ச்சன போட்டுருவோம். பெயிலானவங்களுக்குத்தானேக்கா சாமி வேணும், பாஸானவங்களுக்கு எதுக்கு?”

ஞாயிற்றுக்கிழமை போனேன். பத்து நிமிடப் பேச்சும் இல்லை, மாலையும் இல்லை. பொங்கல் கொடுத்தார்கள். ஏ.எல்லில் கணக்கைக் கோட்டை விட்ட ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அக்கா, நீங்களுமா?” என்றாள். அமெரிக்காவில் ஒரு வருடமாக யாரும் என் பக்கத்தில் அப்படி நெருங்கி உட்காரவில்லை. இருவரும் வெகுநேரம் கணக்கைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பெயிலானதில் ஒன்றும் பெரிய தனிமை இல்லை போலிருக்கிறது. அதை நமக்கு மட்டும் தெரிந்த விஷயமாகப் பூட்டி வைக்கிறோமே, அங்கேதான் ஆளைத் தின்கிறது. நாம் பூட்டி வைப்பதாக நினைக்கும்போது வெளியே இன்னொருவரையும் அது சேர்த்துத் தின்கிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. மறு பரீட்சையில் பாஸோ, பெயிலோ... முதல் போன் அம்மாவுக்குத்தான். அதுவும் பக்கத்து லயத்துக்கே கேட்கிற மாதிரி!