சென்னப்பன் பூட்டிய பொன்னேர்

எங்கள் பதினாறு தோட்டக்காரக் குடும்பங்களில், ஏர் பிடித்து நேராக ஒரு சால் ஓட்டத் தெரியாத ஆண்பிள்ளை ஒரே ஒருவன்தான் உண்டு. அவன் என் உடன்பிறந்த தம்பி சென்னப்பன். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பதினாறு வீட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் கிடைத்த சிறப்பு என்றால் அதற்கும் ஒரு கௌரவம் இருக்கிறது.

மைசூர் அக்ரஹாரத்துக்குத் தெற்கே, நஞ்சன்கூடு சாலையை ஒட்டி எங்கள் தோட்டங்கள் இருக்கின்றன. பாட்டனார் காலத்தில் கொள்ளேகாலிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். மல்லிகை, செண்டுப்பூ, கத்திரி, கீரை எல்லாம் போடுவோம். ஒரு ஏக்கருக்கு மேல் யாருக்கும் நிலம் கிடையாது. சென்னப்பனுக்கு முக்கால் ஏக்கர். அதில் கால் ஏக்கர் மல்லிகை. அதைக் கவாத்து செய்து எரு வைப்பதற்கு, எதிர்வீட்டில் வாழ்க்கைப்பட்ட நான்தான் போவேன். அவன் கையில் அரிவாளைக் கொடுத்தால் மறுவருஷம் பூப்பதற்கு ஒரு கிளை மிஞ்சாது.

பன்னிரண்டு வயதில் அவனைப் பட்டு நெசவு பழகக் கொள்ளேகாலுக்கு அனுப்பினோம். பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தான். நூல் ரொம்ப மெல்லிசு, கண்ணுக்குத் தெரியவில்லை என்றான். இருபது வயதில் ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் இருந்தான். அங்கே துரை பாத்திகளைப் பார்வையிடும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாராம். அந்த நிற்பை மட்டும் பழுதில்லாமல் கற்றுக்கொண்டு வந்தான். பிறகு கல்யாணம் ஆயிற்று. அவன் மனைவி சித்தம்மா வாய் திறக்காமல் வேலை செய்கிறவள். அதனால் அவனுக்குப் பேசுவதற்கு நிறைய நேரம் கிடைத்தது.

வெகுதானிய வருஷத்து யுகாதி வந்தபோது அவனுக்கு முப்பத்தொரு வயது.

யுகாதியன்று எங்கள் பக்கத்தில் பஞ்சாங்கம் படிப்பார்கள். அந்த வருஷம் யார் பெயருக்குப் பலன் கூடியிருக்கிறதோ அவர்தான் முதல் ஏர் பூட்ட வேண்டும். நாங்கள் பொன்னேர் என்போம், கன்னடக்காரர்கள் ஹொன்னாரு என்பார்கள். பொன்னேர் ஓடுவதற்கு முன்னால் வேறு எந்த ஏரும் மண்ணில் இறங்கக்கூடாது. இறங்கினால் மழை பொய்க்கும், பழி அந்த வீட்டின்மேல் விழும். இதுவரை யாரும் துணிந்ததில்லை.

அக்ரஹாரத்துத் திருநாராயணன் சாமிதான் வந்து படித்தார். விரலை ஏட்டில் வைத்துக்கொண்டு, “செ-ல ஆரம்பிக்கற பேரு. யார் இருக்கா இங்கே?” என்றார்.

மூன்று பேர். அதில் ஒருவர் மார்கழியில் காலமாகிவிட்டார். இன்னொன்று சென்னம்மா, பெண்பிள்ளை. மிச்சம் யார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யாரோ இருமினார்கள்.

பக்கத்துத் தோட்டத்துப் பசவராஜ் எழுந்தே விட்டார். “சாமி, இன்னொரு தடவ நல்லா நோடுங்க சாமி.”

“நன்னாப் பார்த்தாச்சு. மூணாம் நாள் கார்த்தாலே பூட்டலாம். இடப்பக்கம் செவலைக் காளையா இருந்தா சிலாக்கியம்.”

சென்னப்பனுடைய காளைகள் இரண்டும் வெள்ளை. அதில் அவனுக்கு வந்த சந்தோஷத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் விடிந்ததும் நஞ்சன்கூட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டான். அங்கே எங்கள் அத்தை மகனிடம் ஒரு செவலைக் காளை இருந்தது.

“சாமி சிலாக்கியம்னுதானே சொன்னாரு. கட்டாயம்னா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“பெரிய மனுசங்க சிலாக்கியம்னு சொன்னா நாமதான் புரிஞ்சுக்கோணும் அக்கா. ரெண்டே நாளு. நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஏரத் தொடக்கூடாதுன்னு சொல்லி வெய்யி.”

“நீ இருக்கறப்பவே நீ தொட்டதில்லையேடா.”

“அது வேற, இது வேற.”

மூன்றாம் நாள் போயிற்று, அவன் வரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் ரேவதி நட்சத்திரத்து மழை கொட்டியது. அந்த மண்ணைப் பிடித்தால் கையில் உருண்டையாக நின்று, விட்டால் உதிரும். உழுவதற்கு அதைவிடப் பதம் கிடையாது. எங்கள் மண்ணில் அந்தப் பதம் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள் நிற்கும். அப்புறம் செங்கல்தான். ஒன்பது ஜோடி மாடுகள் கொட்டிலில் நின்று அசைபோட்டன. ஆண்பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்து நஞ்சன்கூட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வீட்டில் என் தம்பி, பொன்னேர்க்காரன் என்ற மரியாதையில், வேளைக்கு ஒரு வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். இது பிறகு தெரிந்தது.

மற்றவர்களுக்கு அது காத்திருப்பு. தேவம்மாவுக்கு அப்படி இல்லை. புருஷன் போனபின் பத்து குண்டே நிலத்தை, அதாவது கால் ஏக்கரை, தனியாகப் பார்க்கிறவள் அவள். சென்னப்பன் நிலத்துக்கு அடுத்த நிலம். ஊதாவில் வெள்ளைக் கோடு ஓடும் ஒரு கத்திரி அவளிடம் இருந்தது. வேறு யாரிடமும் கிடையாது. கைவசம் இருந்த விதை முழுவதையும் அந்த வருஷம் நாற்றங்காலில் போட்டுவிட்டாள். அறுநூற்று நாற்பது நாற்று, நாற்பது நாள் வயது. தண்டு நீண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வாரத்துக்குள் நட்டால் உண்டு. இல்லாவிட்டால் நாற்றும் போயிற்று, விதையும் அதோடு முடிந்தது.

ஆறாம் நாள் காலை திருநாராயணன் சாமி பூஜைக்குத் துளசி பறிக்க வந்தார். தேவம்மா வழியிலேயே நிறுத்தினாள். நான் கூடையோடு பக்கத்தில் இருந்தேன்.

“சாமி, ஏர் பூட்டக்கூடாதுன்னீங்க.”

“ஆமாம், பொன்னேர் ஆகறவரைக்கும் கூடாது.”

“மம்புட்டி?”

சாமி யோசித்தார். “மண்வெட்டியைப் பத்தி பஞ்சாங்கத்திலே ஒண்ணும் இல்லையே.”

“இல்லீன்னா, வெட்டினா தோசம் உண்டுங்களா?”

“இல்லாததுக்கு நான் எங்கேயிருந்து தோஷம் கொண்டு வருவேன், தேவம்மா?”

“அது போதுமுங்க சாமி.”

மறுநாள் பொழுது விடியும்போது அவள் நிலத்தில் பன்னிரண்டு பெண்கள் நின்றோம். மத்தியானத்துக்குள் பத்து குண்டேயும் புரண்டுவிட்டது. எட்டாம் நாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்தபின், அறுநூறு நாற்றை நட்டுத் தண்ணீர் ஊற்றினோம். மிச்சம் நாற்பதை, பட்டுப்போகும் இடத்தில் வைக்கலாம் என்று நாற்றங்காலிலேயே விட்டாள். இதைப் பார்த்த பிறகுதான் ஆண்பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டிலும் மண்வெட்டி இருப்பது நினைவுக்கு வந்தது. இரண்டே நாளில் பதினைந்து தோட்டமும் வெட்டியாயிற்று. சென்னப்பனுடைய அரை ஏக்கர் மட்டும் கிடந்தது. சித்தம்மாவைக் கூப்பிட்டதற்கு, “அவரு வந்து ஓட்டறதுக்கு முன்னால வெட்டினா என்ற உசிர எடுத்துருவாரு அண்ணி” என்றாள். அவள் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான்.

பத்தாம் நாள் காலை வந்தான். தலையில் புதுச் சிவப்புத் தலைப்பாகை, கையில் செவலைக் காளை, காளையின் கழுத்தில் செண்டுப்பூ மாலை. வரப்பில் ஏறி நாலு பக்கமும் பார்த்தான்.

“யாரு எனக்கு முன்னால ஏர் பூட்டினது?”

“ஒருத்தரும் பூட்டலை. எல்லா ஏரும் சுவத்துல சாஞ்சுதான் கிடக்கு, போய்ப் பாரு” என்றேன்.

“அப்ப மண்ணு எப்பிடிப் பொரண்டுச்சு?”

பசவராஜ் சொன்னார்: “நீ வரலே, நாங்க வெட்டிட்டோம்.”

என் தம்பியிடம் ஒரு குணம் உண்டு, எந்தத் தோல்வியாலும் அவனை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. “வெட்டு வேற, உழவு வேற. உழவு இன்னும் ஆகலே. எல்லாரும் வாங்க, பூட்டலாம்” என்றான்.

எல்லோரும் போனோம். வேலை முடிந்துவிட்டதால் பார்ப்பதற்கு நேரம் இருந்தது.

அவன் அரை ஏக்கர் அதற்குள் காய்ந்து பாறையாகியிருந்தது. வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் செவலை. இரண்டும் அன்றுதான் முதன்முதலாக ஒன்றையொன்று பார்த்தன. முதல் சால் பாம்புபோலப் போயிற்று. இரண்டாவது சால் முதல் சாலைத் தேடிக்கொண்டு போயிற்று. மூன்றாவது திருப்பத்தில் ஏரின் கொழுமுனை மண்ணை விட்டு மேலே துள்ளியது. ஏர் லேசானதும், தாகமெடுத்திருந்த செவலைக்குப் பக்கத்து ஈர மண்ணின் வாசனை பட்டது. வெள்ளையையும் இழுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டி நேரே தேவம்மாவின் நாற்றுக்குள் பாய்ந்தது.

தேவம்மா மண்வெட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு காளைக்கு முன்னால் போய் நின்றாள். “ஏப்பா சென்னப்பா! மூக்கணாங்கவுத்தப் புடிடா! ஏர உடு, கவுத்தப் புடி!”

அவன் ஏரை விட்டான். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். தலைப்பாகை சேற்றில் விழுந்தது, அவனும் விழுந்தான், கயிற்றை மட்டும் விடவில்லை. எட்டு முழம் இழுபட்ட பிறகு காளை நின்றது. தேவம்மாவுக்கும் கொம்புக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

அவள் முதலில் குனிந்து நாற்றை எண்ணினாள். “பதினொண்ணு போச்சு. எந்திரி, நட்டுக் குடு.”

“நானா? இன்னிக்கு நான் பொன்னேர்க்காரன், தேவம்மக்கா.”

“உன்ற பொன்னேரு மாடுதானே மிதிச்சுது? நாத்தங்கால்ல நாப்பது இருக்குது, பதினொண்ணு புடுங்கிட்டு வா. வேரோட புடுங்கோணும், தலையப் புடிச்சு இழுக்காதே.”

பதினாறு வீடும் பார்த்துக்கொண்டிருக்க, முழங்கால் சேற்றோடு உட்கார்ந்து பதினொரு நாற்றையும் நட்டான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏதோ பேச வாயெடுத்தான். அவள் பேச விடவில்லை. முடிந்ததும் அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, “இது ரெண்டும் ஆழம் பத்தாது” என்று இரண்டைப் பிடுங்கித் தன் கையால் திருத்தி நட்டாள்.

எட்டு நாள் கழித்து நான் போய் அந்த மூலையை எண்ணிப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது வேர் பிடித்துத் துளிர் விட்டிருந்தது. வாடிப்போன இரண்டும் தேவம்மா திருத்தி நட்டவை. இதை நான் தேவம்மாவிடம் சொல்லவில்லை. சென்னப்பனிடம் அதைவிட முக்கியமாகச் சொல்லவில்லை.