அட்டையில் ஒரு ஃப்ரிட்ஜ்

கத்தியின் மொட்டை முனையால் அட்டையில் ஒரு கோடு அழுத்தி, கோட்டை ஒட்டி மரச்சட்டத்தை வைத்து, சட்டத்தின் மேல் முழங்காலை ஊன்றியபின் அவள் கைகள் அட்டையை மடக்கின. முறியாமல், கிழியாமல், மூலை மட்டம் பிடித்து எழுந்து நின்றது. அடுத்தது கதவு. துணி டேப்பை ஒரு முழம் கிழித்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக ஒட்டி, நகத்தால் தேய்த்து, கதவைத் திறந்து பார்த்தன. மூடிப் பார்த்தன. மறுபடியும் திறந்தன. இடதுகைச் சுண்டுவிரலில் பாதி நகம்தான் இருந்தது. மீதியை எப்போதோ ரம்பம் வாங்கிக்கொண்டது.

"ஐஸ் கட்டி எந்தக் கதவுல வரும்?" என்று பட்டறை வாசலிலிருந்து கேட்டார், வேனோடு வந்து நின்ற அவள் கணவர்.

"உங்க தலையில வைக்கிறதுக்கா? இடது கதவு."

"இதை மூணு மாடி தூக்கணுமே, தாயே. உள்ள ஒண்ணுமே இல்லாத பெட்டியை மூச்சு வாங்கத் தூக்கிட்டுப் போற ஒரே ஆளு நான்தான்."

"நிஜத்தைத் தூக்கிட்டுப் போய்ப் பாதிப் படியில முழிக்கிறதுக்கு இது தேவலை."

அவளை எல்லாரும் அரைநூல் என்பார்கள். தச்சுவேலையில் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நூல். மற்றவர்கள் ரெண்டு நூல் மூணு நூல் போனால் போகட்டும் என்று விடுகிற இடத்தில், அரை நூலுக்குப் பலகையைத் திருப்பி அனுப்புகிறவள் என்பதால் வந்த பெயர். கேலியாக வைத்ததுதான். அவளோ அதையே பட்டறைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டாள். மாமாவின் பட்டறைக்கு உப்புத்தாள் தேய்க்கப் போனவள், காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் பொறுக்கிச் சேர்த்துத் தொழில் கற்றாள். இப்போது வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்கிறாள். அடுப்பு, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், எது வந்தாலும் அதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பது அவள் வேலை.

தனியாக எடுத்த முதல் வேலையிலேயே சூடு பட்டுக்கொண்டாள். ஒரு ஃப்ரிட்ஜை அளந்து, அரை நூல் பிசகாமல் மாடம் செய்தாள். ஃப்ரிட்ஜ் உறையில் கத்தி போல உள்ளே போனது. வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். கதவு ஒரு சாண் திறந்து பலகையில் இடித்து நின்றது. காய்கறித் தட்டை வெளியே இழுக்க முடியவில்லை. "ரொம்ப அழகா இருக்கும்மா, ஆனா இதுல நான் தக்காளி எடுக்கணும்னா என் தங்கச்சியை அனுப்பணும், அவதான் ஒல்லி" என்றாள் அந்த அம்மா. அத்தனையையும் பிரித்து, புதுப் பலகை போட்டுத் திரும்பச் செய்து கொடுத்தாள். தவறாக அறுத்த பலகைகள் இன்றும் அவள் வீட்டுச் சுவரில் அடுக்குத்தட்டாக இருக்கின்றன. தினமும் காலையில் டீத்தூள் டப்பாவை எடுக்கும்போது அவளைப் பார்த்துச் சிரிக்கின்றன.

அன்றிலிருந்துதான் இந்த அட்டை வேலை. எந்தச் சாமான் வரப்போகிறதோ அதை முழு அளவில், திறக்கிற கதவோடு, அட்டையில் செய்வாள். அதை அந்த வீட்டில் ஒரு வாரம் வைத்துவிட்டு வந்துவிடுவாள். வீட்டார் அதில் இடித்துக்கொள்ளட்டும், திட்டட்டும், சுற்றிப் போகட்டும். பிறகுதான் பலகையில் ரம்பம் வைப்பாள்.

ஒரு நோட்டும் வைத்திருந்தாள். அமெரிக்க ஃப்ரிட்ஜ் முப்பத்தாறு அங்குல அகலம். ஐரோப்பாவில் அடுப்பு, வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாம் அறுபது சென்டிமீட்டர், அதாவது இருபத்துமூன்று அங்குலம் ஐந்து நூல். அங்கேயே சின்ன வீட்டுக்காரர்களுக்கென்று நாற்பது சென்டிமீட்டரில் மேலே திறக்கிற வாஷிங் மெஷினும் உண்டு. ஜப்பான் ஃப்ரிட்ஜ் ஒல்லி, உயரத்தில் ஈடுகட்டும். கடைசிப் பக்கத்தில் காரும் இருந்தது. ஜப்பானின் குட்டிக் கார் நாலடி பத்தங்குலத்துக்குச் சற்று மேல் அகலம், பதினோரடிக்குச் சற்று மேல் நீளம். அமெரிக்காவில் சுமை ஏற்றுகிற வண்டியோ பத்தொன்பதடியையும் தாண்டும். கார் ஷெட்டுக்குக் கதவு போடப் போன இடத்தில் எழுதியது அது. அந்த ஷெட்டுக்காரர் அகலமான காரை ஆசையாக இறக்கி, உள்ளே ஓட்டிப்போய், இறங்க முடியாமல் பின்சீட்டைத் தாண்டி டிக்கி வழியாக வெளியே வந்தவர். "காரை அளந்தேன், காரிலேர்ந்து இறங்குற ஆளை அளக்கலையேம்மா" என்று வயிற்றைத் தட்டிச் சொன்னார். சாமானுக்கு மூடின அளவு ஒன்று, திறந்த அளவு ஒன்று என்று அந்தப் பக்கத்தின் கீழே அவள் எழுதி வைத்திருந்தாள்.

இப்போது அவள் முன்னே நின்ற முப்பத்தாறு அங்குல அட்டை, ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டுக்கு. டீச்சரின் கணவர் கப்பலில் எலக்ட்ரீஷியன். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஏதோ ஒரு துறைமுகத்தில் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பார்த்து மயங்கி, மனைவிக்கென்று வாங்கிக் கன்டெய்னரில் ஏற்றிவிட்டார். கரன்ட் விஷயத்தில் ஆள் கில்லாடி. நம் கரன்டுக்கு ஓடும் மாடலாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். கரன்டை அளந்தவர் சமையலறையை அளக்கவில்லை.

சமையலறை ஆறடி அகலம். இடது பக்கம் நெடுக இரண்டடிக்கு மேடை. வலது சுவரில் ஃப்ரிட்ஜை வைத்தால் நடக்க ஓரடிதான் மிஞ்சும். கோடியில், ஜன்னலுக்கு முன்னால் மட்டும் நாலடி இடம். "அங்க வச்சிடச் சொல்லு. ஜன்னல் மறைஞ்சா என்ன, காத்துக்கு ஃபேன் இருக்கே" என்று போனில் சொல்லியிருந்தார் கப்பல்காரர்.

அரைநூல் அளக்கப் போன அன்று டீச்சர் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. காரணம் ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. சந்துக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில், இன்னொரு சமையலறை ஜன்னல். அதில் ஒரு முகம்.

"யாருடி அது?"

"மேஸ்திரிக்கா! அலமாரி செய்ய வந்திருக்காங்க!"

"நல்லா அளக்கச் சொல்லு! உங்க வீட்டு மேடை உன்னை மாதிரியே கோணல்!"

எதிர் ஜன்னலில் இருந்தது டீச்சரின் கூடப்பிறந்த அக்கா. இந்த வீட்டையே அந்த ஜன்னலுக்காகத்தான் பார்த்து எடுத்தார்களாம். காலையில் அடுப்புப் பற்ற வைத்ததிலிருந்து இரவு மேடை துடைக்கும்வரை இருவருக்கும் இடையில் பன்னிரண்டடிச் சந்துதான். உப்புப் போட்டாயா என்பதிலிருந்து ஊர்வம்பு வரை அதில் போகும், வரும்.

"ஜன்னல் மறையாம எப்படியாவது வச்சுக் குடுங்க மேஸ்திரி" என்றாள் டீச்சர் மெதுவாக.

"சுவர் என்ன ரப்பரா டீச்சர், இழுத்துவிட? அவர்கிட்டச் சொல்லிடுங்களேன்."

"அஞ்சு மாசமா இதைப் பத்தியேதான் பேசுறாரு. எனக்குன்னு ஆசைப்பட்டு வாங்கினது. எந்த வாயால வேண்டாம்னு சொல்றது? நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது."

அடுத்தவர் வீட்டுப் பேச்சில் அரைநூல் தலையிடுவதில்லை. "நான் அட்டையை வச்சிட்டுப் போறேன். இடிக்கிறதை அதுவே இடிக்கும்" என்று மட்டும் சொன்னாள். புறப்படும்போது, யாரும் கேட்காமலேயே, ஹாலையும் அளந்துகொண்டாள்.

கப்பல்காரர் விமானத்தில் முந்தி வந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் கன்டெய்னரில் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. அவர் வந்த மறுநாள் அட்டையைக் கொண்டுபோய் ஜன்னல் முன் நிறுத்தினார்கள். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு கதவையும் திறந்து, இல்லாத தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துக் காட்டினார். டீச்சர் சிரித்தாள். ஜன்னல் இருந்த பக்கம் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் அரைநூல் பார்க்கப் போனபோது, கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு கப்பல்காரரும் படியேறிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தே வீட்டுக்குள் போனார்கள்.

சமையலறையில் டீச்சர் இல்லை. அவளுடைய கால்கள் மட்டும் இருந்தன. அட்டை ஃப்ரிட்ஜின் கதவு திறந்திருக்க, இடுப்புவரை உள்ளே போயிருந்தாள். உள்ளேயிருந்து பேச்சு வந்தது.

"...உன் மூஞ்சி மட்டும்தான்டி தெரியுது. பொந்துக்குள்ள ஆந்தை மாதிரி இருக்கே" என்று தூரத்துக் குரல்.

"நிஜ ஃப்ரிட்ஜ் வந்தா இந்தப் பொந்தும் இருக்காதுக்கா. இப்பவே நல்லாப் பார்த்துக்க."

"சொல்லித் தொலையேன் அவர்கிட்ட."

"சின்னப் புள்ள மாதிரி சந்தோஷப்படுறாருக்கா. போகட்டும் விடு. நாம போன்ல பேசிக்கலாம்."

"எதிர்ல இருக்கிறவகிட்டப் போன்ல பேசணுமாம். நல்லாயிருக்குடி உன் குடித்தனம்!"

கப்பல்காரர் ரொட்டியை மேடைமேல் வைத்தார். "என்னம்மா, ஃப்ரிட்ஜுக்குள்ள யாரு?"

டீச்சர் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முடியெல்லாம் அட்டைத் தூசி. பின்பக்க அட்டையில், முகம் நுழையும் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டப்பட்டிருந்தது. அரைநூலின் கண் முதலில் அதற்குத்தான் போனது. வெட்டு கொஞ்சம் கோணல். காய் நறுக்கும் கத்தி.

டீச்சர் கணவரைப் பார்த்தாள், அரைநூலைப் பார்த்தாள், பிறகு துணிந்துவிட்டாள். "உரல்ல தலையை விட்டாச்சு. இனிமே உலக்கைக்குப் பயந்தா ஆகுமா? எனக்கு இந்த ஜன்னல் வேணுங்க. நீங்க இல்லாத ஒன்பது மாசமும் எனக்கு இதுதான் வீடு."

கப்பல்காரர் அவளையும் அந்தச் சதுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னடி சத்தத்தைக் காணோம்? தம்பி வந்துட்டாரா?"

பதில் சொல்ல வேறு வழியில்லை. கப்பல்காரர் குனிந்து ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டார். "வந்துட்டேன் அண்ணி."

"வாங்க வாங்க! இடம் பத்துதா உள்ள?"

"தாராளமா இருக்கு அண்ணி. எண்ணூறு லிட்டர்."

வெடித்த சிரிப்பு சந்தின் இரண்டு பக்கமும் கேட்டது. அவர் பத்து நிமிஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். ஜன்னல் சட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "மேஸ்திரியம்மா, நிஜ ஃப்ரிட்ஜுல பின்னாடி ஓட்டை போட முடியாதுல்ல?"

"போடலாம். அப்புறம் அது அலமாரிதான்."

"அப்ப எங்கதான் வைக்கிறது?"

"ஹால்ல ஒரே ஒரு சுவர் தோதாயிருக்கு." அரைநூல் கொஞ்சம் தயங்கினாள். "உங்க சாய்வு நாற்காலி இருக்கே, அந்த இடம்."

கப்பல்காரர் எட்டிப் பார்த்தார். லீவில் வந்தால் அவர் பாதி நாள் கிடக்கும் இடம் அது. நாற்காலியும் லேசுப்பட்டதல்ல. இரண்டு பேர் உட்காரலாம்.

"அதுவும் ஏதோ துறைமுகத்துலேர்ந்து வந்ததுதானா?" என்றாள் அரைநூல்.

"அதுவும்தான்" என்று டீச்சர் முந்திக்கொண்டாள். "அன்னைக்கு வாசக்கதவையே கழட்டித்தான் உள்ள கொண்டுவந்தோம்."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "மூணு மாசம் உட்கார்றவனுக்கு ஒரு ஸ்டூல் போதும். நாற்காலியை யாருக்காவது குடுத்துடலாம்" என்றார். வாங்கிக்கொண்டது அரைநூலின் வேன்காரக் கணவர். அந்த நாற்காலிக்காக அவர் வேலைக்கு நடுவில் அரைமணி நேரம் காணாமல் போகத் தொடங்கினார் என்பது தனிக்கதை.

ஓட்டை போட்ட அட்டையே ஹாலுக்கு இடம் மாறியது. மறுபடி ஒரு வாரம். வலது கதவு முழுக்கத் திறந்து தட்டை இழுக்கச் சுவரிலிருந்து நாலு அங்குலம், சூடு வெளியேற மேலே இரண்டு, பின்னால் இரண்டு. பிறகுதான் ரம்பம் பேசியது. ஃப்ரிட்ஜ் வந்து இறங்கிய காலை, கதவுகளைக் கழற்றிப் படியேற்றினார்கள். கதவில்லாமல் அதன் ஆழம் இருபத்தொன்பதரை அங்குலம். வீட்டு வாசல், அதன் கதவையும் கழற்றிவிட்டபின், முப்பது. பக்கத்துக்கு இரண்டு நூல். நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொள்ள, அரைநூல் ஒரு அட்டைத் துண்டை நிலைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் பிடித்தபடியே பின்னால் நடந்தாள். ஒரு கீறல் விழவில்லை.

ஒப்படைப்பது என்றால் அவள் வழக்கத்தில் ஒன்றுதான். தான் எதையும் திறந்து காட்டமாட்டாள். வீட்டார் திறக்க வேண்டும். டீச்சர் இடது கதவைத் திறந்தாள், வலது கதவைத் திறந்தாள், காய்கறித் தட்டை இழுத்தாள். முழுக்க வந்தது. தள்ளினாள், போனது. கப்பல்காரர் நிஜத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். உடனே டீச்சர் அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். "அக்கா, இங்க பாரு, ஜில்லுன்னு!" என்ற குரலும், "பாட்டிலைப் பார்த்தா எனக்கு ஜில்லுன்னு ஆயிடுமா? இங்க எடுத்துட்டு வாடி!" என்ற குரலும் கேட்டன. ஜன்னலடியில், டீச்சர் வீட்டில் முன்பிருந்த சின்ன ஃப்ரிட்ஜின் மாடத்திலிருந்து கழற்றிய பலகையில், அரைநூல் ஒரு மடக்குத்தட்டு போட்டிருந்தாள். அதன்மேல் பிள்ளைகளின் பரீட்சைத்தாள் கட்டு ஏற்கெனவே ஏறிவிட்டது.

அரைநூல் பையிலிருந்து மூன்றடி நீளக் குச்சி ஒன்றை எடுத்தாள். இழைத்து, மெழுகு தேய்த்த குச்சி. அதில் பென்சில் கோடுகள். இது வாசல், இது படி திரும்புகிற இடம், இது சமையலறை வாசல். ஒரு கோடு மட்டும் சிவப்பு.

"அடுத்த மாசம் கப்பலுக்குப் போறீங்கல்ல. துறைமுகத்துல எதைப் பார்த்து ஆசைப்பட்டாலும் முதல்ல இதை வச்சுப் பாருங்க. கதவைத் திறந்து வச்சுப் பாருங்க."

"இந்தச் சிவப்பு?"

"ஜன்னல். அதுகிட்ட எதுவும் வரக்கூடாது."

கப்பல்காரர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குச்சியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.