கொழும்புச் சோப்பும் சூசையப்பர் அசனமும்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில், அம்மாவின் கல்யாணச் சேலைக்குக் கீழே, ஒரு பச்சைச் சோப்பு இருந்தது. அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் கடைசியாகக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது மூட்டைகள் சரிந்து இடுப்பில் விழ, அப்பா கட்டிலோடு கிடந்தார். அம்மா சரக்குக் கிட்டங்கியில் வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போனாள். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. சோப்பு மட்டும் போகவில்லை. பெட்டியைத் திறந்தால் ரோஜா மணக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் நாங்கள் பழைய மாதிரி ஆகிவிட்டதாக எனக்குத் தோன்றும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் நான் ஆறாம் வகுப்பு படித்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒரு சங்கு வியாபாரியின் மகள். என் ஒரே கூட்டாளி. அவளுடைய அம்மாவை நான் மாமி என்பேன். பருத்த உடம்பு, தெருமுனை வரை கேட்கும் குரல். கொடுப்பதில் மாமி ஒரு அவசரக்காரி. வாசலில் வந்து நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் அரிசியை அளந்துவிடுவாள். தியாகம் செய்கிற முகம் அவளிடம் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிற முகம்தான். யாராவது கேட்டால், "ஆண்டவர் செய்யச் சொன்னாரு, செய்யுதோம். இதுல யோசிக்க என்ன கெடக்கு?" என்பாள். யோசிக்காமல் கீழ்ப்படிவதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரே ஒரு நாள் மட்டும் அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று நான் வெகுநாள் மனசுக்குள் புழுங்கியிருக்கிறேன்.

அந்த மார்ச் மாதம் கூட்டாளி வந்து சொன்னாள்: "சூசையப்பர் திருநாளுக்கு எங்க வீட்ல அசனம். எங்கம்மா உன்னக் கண்டிப்பா வரச் சொன்னா."

அசனம் என்றால் எனக்குத் தெரிந்தது கோயில் அசனம். தோணி முதலாளியும் வலை இழுப்பவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அங்கே பெரியவர் சின்னவர் கிடையாது. மாமி வீட்டு அசனமும் அப்படித்தான் என்று நினைத்தேன். விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள், அதுவும் அந்த மாடி வீட்டுக்கு. பெட்டியில் இருந்த சோப்பைக் கேட்டு அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தாள். பிறகு சோப்பைச் செய்தித்தாளில் பொதிந்து நூலால் கட்டிக் கொடுத்தாள். "விருந்துக்குப் போறவ வெறுங்கையோட போவக் கூடாதுல்லா."

மாமி வீட்டு நடுக்கூடத்தில் சூசையப்பர் படத்துக்கு முன்னால் மூன்று இலைகள்தான் போட்டிருந்தார்கள். முதல் இலையில் கோயில் வாசலில் பிச்சை எடுக்கும் பார்வையில்லாத கிழவர். அடுத்த இலையில், புருஷனைக் கடலில் பறிகொடுத்து வீடு வீடாகக் கஞ்சி வாங்கிக் குடிக்கும் பெண். மூன்றாவது இலை எனக்கு. அந்த வீட்டு வழக்கம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏழைகள் மூன்று பேரைக் கூப்பிட்டு, சூசையப்பராகவும் மாதாவாகவும் பாலசேசுவாகவும் நினைத்துக் காலைக் கழுவிச் சோறு போடுகிறார்கள். நான் கூட்டாளியாக வரவில்லை. அந்த வருஷத்து ஏழைப் பிள்ளையாக வந்திருக்கிறேன்.

சோப்பைத் தொடைக்கடியில் ஒளித்தேன். பிள்ளையின் காலைப் பிள்ளைதான் கழுவ வேண்டுமாம். கூட்டாளி செம்பும் தாம்பாளமுமாக என் முன்னால் மண்டியிட்டாள். செருப்பில்லாமல் நடந்து வெடித்த கால்கள், விரலிடுக்கெல்லாம் அழுக்கு. காலை இழுத்துக்கொண்டேன். அவள் பிடித்தாள். கழுவி முடித்து, குனிந்து பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தாள். திருநாளில் மாதா சுரூபத்தை முத்தி செய்வது போல. அந்தக் கூடத்தில் நான் செத்துப்போயிருக்கலாம் என்றிருந்தது. தாம்பாளத்தில் தளும்பிய தண்ணீர் பாயில் ஓடித் தொடைக்கடியில் இருந்த காகிதத்தை நனைத்தது. கூடம் முழுக்க ரோஜா மணம்.

"இது என்னளா?" என்று மாமி பொதியை எடுத்தாள்.

"விருந்துக்கு... இவளுக்குக் கொண்டாந்தேன்" என்றேன்.

மாமியின் முகத்தில் இருந்த கல்யாணக் களை அப்படியே வடிந்தது. இலையில் சோறும் ஆட்டுக்கறியும் பாயாசமும் விழுந்தன. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்றால் எனக்குப் பசித்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன், பாயாசம் இரண்டாவது தடவையும் வாங்கினேன். இன்றுவரை என்னைச் சுடுவது பாதத்தில் பட்ட முத்தியை விட அந்த இரண்டாவது தடவைதான்.

அதற்குப் பிறகு கூட்டாளியோடு நான் பேசவில்லை. பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்தேன். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் மாமி மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் குடிசைக்கு வந்தாள். கையில் அரிசி இல்லை, பலகாரம் இல்லை. அம்மா பதறி எழுந்தாள்.

"ஒம் மக எங்க வீட்ல சாப்பிட்டா தங்கச்சி. நீ எங்கள இன்னும் அழைக்கல்லியே, அதான் நாங்களே வந்துட்டோம்" என்று மாமி தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கஞ்சியும் சுட்ட கருவாடுந்தான் இருக்கு."

"அதத்தான் கேக்கேன்."

மாமி குடித்தாள். பிறகு வட்டிலை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள். அது எங்கள் பங்கு, எங்களுக்குத் தெரியும், மாமிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மிளகாய்க் காந்தல் மாறாத கையால் கஞ்சியை மொண்டு ஊற்றிய அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா படுத்த நாளிலிருந்து நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. மாமியின் முகத்தில் எப்போதும் இருக்கும் அதே சந்தோஷம், இப்போது இடம் மாறி இருந்தது. மாமியோ தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று வெட்கம். பிறகு முந்தானையிலிருந்து சோப்பை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இவ அத எடுக்க மாட்டேங்கா. நீ குடுத்தாத்தான் வாங்குவாளாம்."

கொடுத்தேன். கூட்டாளி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் பழைய இடத்தில் உட்கார்ந்தேன்.

மாமி வந்துபோன இரவு நாங்கள் அரைவயிறாகத்தான் படுத்தோம். அம்மா மட்டும், "என் கஞ்சிய ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சா" என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாமி இப்போது இல்லை. என் மகன்கள் துபாயிலிருந்து அனுப்பும் பணத்தில் எனக்கும் ஒரு மாடி வீடு வந்துவிட்டது. மார்ச் மாதம் மூன்று இலை போடுகிறேன். குனிந்து கால் கழுவும்போது பார்ப்பவர்கள் பக்தி என்கிறார்கள். எதிரே இருக்கிற முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல்தான் நான் குனிந்திருக்கிறேன்.

இந்த வருஷம் பிள்ளையாக வந்தது, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளின் மகள். வீட்டில் பிள்ளைகள் இல்லாததால் அவள் காலையும் நானே கழுவினேன். முடித்ததும், கால் கழுவத் தாம்பாளத்தில் வைத்திருந்த சோப்பை அவள் எடுத்தாள். "ஆச்சி, ஒங்க கையெல்லாம் மஞ்சக் கறை. காட்டுங்க" என்று என் கையைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சுட்டது. கையை இழுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. மாமி வட்டிலை நீட்டியது நினைவுக்கு வந்தது.

மற்றக் கையையும் நீட்டினேன்.