முருகனுக்குத் தெலுங்கு எழுத வருமா?

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். திருத்தணியிலேயே குடியிருந்துகொண்டு முருகனைக் குறைத்துப் பேசுகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான். வாராவாரம் உங்களோடு எதையெதையோ பேசுகிறேன். இதை மட்டும் முந்தானையில் முடிந்தே வைத்திருந்தேன்.

போன கிருத்திகைக்கு மலைக்குப் போனேன். அங்கே அம்மாவோடு வந்திருந்த பக்கத்துத் தெருப் பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். "எப்படிம்மா படிச்சே?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டாள். "இவ இன்னா படிச்சா? எல்லாம் அவன் போட்ட மார்க்குங்க!"

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. சரி, இனி சொல்லிவிட வேண்டியதுதான்.

என் மகள் செல்வி பிளஸ் டூ படித்தபோது, பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு பீரியட் 'வேலைத் திறன்' என்று வைத்தார்கள். ஈமெயில் எழுதுவது, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்வது, இன்டர்வியூவில் பேசுவது... சென்னையிலிருந்து அனிதா மேடம் என்பவர் வந்து நடத்தினார். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த ஒரே வேலைத் திறன் — கையைக் கட்டி, வாயைப் பொத்துவது! படித்த எட்டாம் வகுப்பு வரை அதில் நான்தான் முதல் ரேங்க்.

அந்த வருஷம் ஒரு கம்பெனி, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, கூடவே டிகிரியும் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தது. என் வீட்டுக்காரர் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் டிரைவர். இது கிடைத்தால்தான் செல்விக்குக் காலேஜ் படிப்பு. இல்லாவிட்டால் பிளஸ் டூவோடு சரி.

இன்டர்வியூவுக்கு முன்னால் வகுப்பிலேயே ஓர் ஒத்திகை. பெற்றோரும் வரலாம் என்றார்கள். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நீங்களா முயற்சி பண்ணி செஞ்ச ஒரு விஷயம் சொல்லுங்க" என்றார் மேடம்.

செல்வியிடம் சொல்ல விஷயம் இருந்தது. எங்கள் வீட்டில் தமிழோடு தெலுங்கும் பேசுவோம். ஆனால் தெலுங்கு எழுத்து ஒருவருக்கும் தெரியாது. இவள் போனைப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டு, ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்காகத் தெலுங்கில் வழிகாட்டிப் பலகைகள் எழுதி வைத்தாள். அதைச் சொன்னாள். எப்படிச் சொன்னாள்?

"முருகன் அருளால தெலுங்கு வந்துச்சு மேடம். அவர்தான் போர்டு எழுத வெச்சாரு."

"அப்படியா? முருகனுக்குத் தெலுங்கு எழுத வருமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "ஏங்க வராது? அவருக்கு வராத பாஷையா?"

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். "அப்ப வேலையையும் அவருக்கே குடுத்துடலாமா அம்மா?"

உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் செல்வியை விடவில்லை. "ஒரு போர்டுல அம்புக்குறி தப்பாப் போச்சாமே?"

போனது உண்மைதான். சரவணப் பொய்கைக்குக் குளிக்கப் போக வேண்டிய கூட்டம், சோப்பும் துண்டுமாகப் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றது. அன்றைக்கு முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தேன்.

"ஆங் மேடம்... அது நான் பண்ண தப்பு" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடம் மெதுவாகக் கேட்டார்: "நல்லதுன்னா முருகன். தப்புன்னா மட்டும் நீயா?"

எனக்குச் சுருக்கென்றது. இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான். "நான் நான்னு சொல்லாதே, ஆணவம்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். அடக்கம் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துப் பாதிப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறேன்.

வாசலில் மேடம் என்னைப் பிடித்தார். "ஹோம்வொர்க் உங்களுக்குத்தாம்மா. இன்டர்வியூ வரைக்கும், பொண்ணு எது நல்லா செஞ்சாலும் 'நீ செஞ்சே'ன்னு சொல்லணும்."

இந்த வயசில் ஹோம்வொர்க்! சுலபம் என்றா நினைக்கிறீர்கள்?

அன்றைக்கே செல்வி ரசம் வைத்தாள். "ரசம் நல்லா கீதுடி, முருகன் புண்ணி..."

"அம்மா!"

வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். "பொண்ணு பாஸாயிடுவா. இவதான் அரியர் வெப்பா பாரு!"

"சும்மா இரு நைனா. அம்மா கத்துகினுதானே இருக்காங்க!" என்று அப்பாவை அடக்கினாள் செல்வி.

மனசு கேட்காமல் மலைக்குப் போய் முருகனிடமே சொல்லிவிட்டேன். "அப்பா, கொஞ்ச நாளைக்கு உன் பேரை விட்டு வைக்கிறேன். கோவிச்சுக்காதே." அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போலச் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

இன்டர்வியூ முடிந்து வந்த செல்வியை வாசலிலேயே மடக்கினேன். "இன்னாடி சொன்னே?"

"நானே கத்துக்கிட்டேன், நானே எழுதுனேன்னு சொன்னேன். அம்புக்குறி தப்பாப் போட்டதும் நான்தான், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் போயி அத்தினி பேரையும் தெலுங்குல பேசிக் கூட்டினு வந்து பொய்கையில விட்டதும் நான்தான்னு சொன்னேன்."

"கூட்டினு வந்தியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீதான் திட்டிகினே இருந்தியே... எங்க சொல்றது?"



அப்புறம் ஒருநாள் மத்தியானம் போனில் மெசேஜ் வந்தது. செலக்ட் ஆகிவிட்டாள்! 'முரு' வரைக்கும் என் வாய் போய்விட்டது. விழுங்கினேன். "நீ செஞ்சடி செல்வி. நீதான் செஞ்சே."

அவள் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சரிம்மா, போயி ஒரு தேங்கா உடைச்சிட்டு வா. பாவம், அவரும் வெயிட் பண்ணிகினு இருப்பாரு."

புத்தி கொடுப்பவன் அவன்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் கொடுத்தவனையே அதை வைத்து வேலையும் பார்க்கச் சொன்னால் எப்படி? பள்ளிக்கூடங்கள் இந்த வகுப்பை நடத்தும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் விடட்டும். பாடம் எங்களுக்கும்தான் பாக்கி இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாராவது பெண் இன்டர்வியூவுக்குப் போகிறாளா? அவளுக்கும், முக்கியமாக அவள் அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். நடுவில் செல்வியை எடுத்துவிட்டு, "எல்லாம் அவன் செயல்" என்று முடித்துவிடாதீர்கள்!