மாதிரி வகுப்பில் ஒரு கேள்வி

ஊரில் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பித்தவன் நான். மெல்போர்னுக்கு வந்த நாளிலிருந்து ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு தனியார் கல்லூரி, வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டும்படி கூப்பிட்டது. பண்டைய கிரேக்க அரங்கைத் தெரிந்தெடுத்தேன்.

நன்றாகத்தான் தொடங்கினேன். ஆரம்பத்தில் மேடையே இருக்கவில்லை, கடவுளைப் பாடி ஆடுவதற்கு ஒரு களம் மட்டும்தான், சனங்கள் மலைச்சரிவில் இருந்து பார்த்தார்கள், கல் இருக்கைகள் பிறகுதான் வந்தன என்றேன். நடிகர்கள் முகமூடி மாற்றக் களத்துக்குப் பின்னால் ஒரு கூடாரம் அடித்தார்கள், ஆங்கிலத்தின் 'சீன்' என்ற சொல்லே அந்தக் கூடாரத்தின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான் என்றும் சொன்னேன்.

"எவ்வளவு பெரிய கூடாரம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"எட்டுப் பேர் படுக்கலாம். மழை பெய்தால் கீழால் தண்ணீர் வரும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. அது அகதி முகாமில் என் மனைவி காய்ச்சலில் கிடந்து செத்த கூடாரம். வகுப்பை அதோடு நிறுத்திவிட்டேன். பின்வரிசையில் இருந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பொறுப்பாளர் எழுந்து, "கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

"வேற இடத்துக்கு அப்ளை பண்ணுங்கோ அப்பா" என்றாள் மகள்.

"ஓம்" என்றேன். ஆனால் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. நாடகம் என்றால் அந்தக் கூடாரத்தில்தான் தொடங்க வேண்டும், அதை இனி என்னால் படிப்பிக்க முடியாது. எனக்கு வேறு பாடமும் தெரியாது.