லென்ஸில் ஒன்று, கண்ணில் இரண்டு

மூன்று வருடங்களுக்கு முன்னால், தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்த நேரம். விஸ்வநத்தம் பக்கம் ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைன் போடுவதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சீசன் வந்துவிட்டால் வெடிக் கம்பெனிக்காரர்களைப் போலவே, வெடிப்பெட்டிக்கு லேபிள் அடிக்கிற எங்களுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு நடுவில் விருதுநகரில் உள்ள ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நோட்டீஸ் ஆர்டர் வந்தது. பக்கவாதத்தைத் தடுப்பது எப்படி, வந்தால் கண்டுபிடிப்பது எப்படி என்று சிவப்பும் கறுப்புமாக இரண்டு கலர் வேலை.

அதை நான் மூன்று முறை புரூஃப் பார்த்தேன். ஒற்று விட்டிருக்கிறதா, லகர ளகரம் மாறியிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகத் தேடினேன். புரூஃப் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. எழுத்து கண்ணில் படும், விஷயம் மண்டையில் ஏறாது. நோட்டீஸில் என்ன போட்டிருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

எங்கள் மெஷின் ஓட்டும் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு கலரும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதை நாங்கள் ரிஜிஸ்டர் என்போம். அந்த விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நோட்டீஸ் அச்சேறிய அன்று காலை ஒன்பது பத்துக்கு முதல் ஷீட்டைப் பார்த்து ஓகே என்று கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். அது பிரஸ் வழக்கம். மெஷின் ஓட ஆரம்பித்தது.

பதினோரு மணிவாக்கில் மெஷின் நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது அண்ணன் எரிச்சலில் இருந்தார்.

"எம்புட்டுத் திருகினாலும் ரெண்டு ரெண்டாத்தான் விழுது தாயி. இந்த மெஷின் என் உசிர வாங்குது."

கடைசியாக விழுந்த ஷீட்டைப் பார்த்தேன். கலர் விலகித்தான் இருந்தது. ஆனால் அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினால், அது அச்சுப் பிசகாமல் இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன். அதுவும் இரண்டாக இருக்கிறது என்றார். அச்சைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, மறுபடி குனிந்தார்.

"லென்ஸ்ல சரியா இருக்கு. சும்மா பாத்தா ரெண்டா இருக்கு. இது என்ன கூத்து?"

எனக்கும் அதுதான் கேள்வி. கண்ணுக்குத் தெரியாத பிசகை லென்ஸ் காட்டும். கண்ணுக்குத் தெரிகிற பிசகை லென்ஸ் மறைக்குமா? எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது. அவரை மறுபடி பார்க்கச் சொல்லி, லென்ஸை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. லென்ஸில் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார்!

"அண்ணே, லென்ஸ் இல்லாம ஒரு கண்ண மட்டும் மூடிட்டுப் பாருங்க."

"ஒண்ணாத்தான் தெரியுது."

அப்படியென்றால் கோளாறு மெஷினில் இல்லை. நல்ல ரிஜிஸ்டரை, இரண்டாகத் தெரிகிறதே என்று அவரே திருகித் திருகி விலக்கியிருக்கிறார்.

கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றார், மெஷின் நின்றதைப் பார்த்து வந்த முதலாளி. அண்ணன் தண்ணீர் குடிக்க நடந்தார். நேராகப் போகவேண்டியவர் இடதுபக்கமாகச் சாய்ந்து, கழித்துப் போட்ட ஷீட் அடுக்கில் மோதினார். அடுக்கு சரிந்தது. பொறுக்கக் குனிந்த என் கண்ணெதிரே அந்த வரி: 'திடீரென்று பார்வை இரண்டாகத் தெரிதல், நடை தள்ளாடுதல்.' நான் மூன்று முறை திருத்திய வரி. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் படித்தேன். 

பித்தமாக இருக்கும், எலுமிச்சம்பழச் சாறு கொடுக்கலாம் என்றார் முதலாளி. வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது என்று நோட்டீஸைக் காட்டிக் கத்தினேன். முதலாளியிடம் கத்தியது அதுதான் முதல்முறை. அவர் கார் சாவியை டிரைவரிடம் கொடுத்தார்.

நோட்டீஸ் அடிக்கச் சொன்ன அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது ஆரம்பித்தது என்பது. அண்ணனுக்கு அதற்குள் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. "காலையிலருந்தே ஒரு மாதிரிதான்" என்று சொல்லிவிட்டார். டாக்டர் முகம் மாறியது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டுமாம். தூங்கி எழும்போதே வந்திருந்தால் எத்தனை மணிக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும் என்று தோன்றியது. முதலாளிக்குப் போன் போட்டேன். ஐந்நூறு ஷீட்டுக்கு ஒரு துண்டுச்சீட்டு செருகுவது எங்கள் வழக்கம். மெஷினிலேயே சரியாமல் நிற்கிற அடுக்கில் எத்தனையாவது சீட்டு வரைக்கும் கலர் சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டாவது சீட்டு வரை சுத்தம், அதற்குமேல் விலகல் என்று போட்டோ அனுப்பினார். ஆறாயிரம் ஷீட். எங்கள் மெஷின் மணிக்கு நாலாயிரம் ஓடும். ஒன்பது பத்துக்கு ஆரம்பித்தால் பத்து நாற்பது வரை அவர் கண் நன்றாக இருந்திருக்கிறது.

டாக்டர் அந்தப் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இப்படி ஒரு சாட்சிய நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். அண்ணனிடமும் சில கேள்விகள் கேட்டு, ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள். சாயங்காலம் அவருக்கு என் முகம் ஒன்றாகத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெருமையோடு வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். அதற்குள், தகவல் தெரிந்து வந்திருந்த அவர் வீட்டம்மா பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போகணுமாம். பிரஸ்ல கேலி பண்றாகன்னு சீசன் முடியிற வரைக்கும் நிறுத்திட்டாக" என்றார்.

கேலி செய்தது யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. "மெஷினுக்கு ஒரு ஆளு, பாத்ரூமுக்கு ஒரு ஆளா அண்ணே?" என்று எல்லாரும் சிரிக்கும்படி கேட்டவள் நான்தான். ஒரு தடவை அல்ல, தினமும்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடு தாயி" என்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கும் ஊரில் என்னைக் காட்டி, இந்தப் பிள்ளைதான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்கிறார்கள். அப்போதெல்லாம் அண்ணன் தலையாட்டிச் சிரிப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.