பிலேந்திரன் அண்ணையின் இரண்டு பால்மாப் பேணிகள்

என் எழுத்து ஒரு சீராக இராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ழ’ கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடும். ‘ஞ’வை ஒவ்வொரு தரமும் புதிதாகத்தான் கண்டுபிடிக்கிறேன். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகியவன் நான். முதல் பக்கத்துக்கே மூன்று நாள் பிடித்தது. ஆனாலும் இதெல்லாம் என் கையால் வந்தது என்று நினைக்க உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது. துக்கத்துக்கு எழுதுகிறவனுக்குச் சிரிப்பு வரலாமா என்று தெரியவில்லை. அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு மண்டபத்தில் கூடுகிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செய்தி எனக்கு வந்த விதமும் அப்படித்தான். எங்கள் கடைத்தெருவான ஃபொபூர் சேன்-தெனியில் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அந்த நாட்களில் கண்ணில் பட்டதையெல்லாம் நின்று வாசிப்பேன், அரிசி மூட்டையைக்கூட விடுவதில்லை. துண்டில் இருந்த படத்தை ஒரு வாழைக்குலை மறைத்துக்கொண்டிருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பி, லே, ந், தி, ர, ன். எங்கும் தடக்காமல் ஒரு முழுப் பெயர் சேர்ந்து வந்தது. நல்லாய் வாசித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இன்னொரு தரமும் வாசித்தேன். பிறகுதான் அது யாருடைய பெயர் என்று விளங்கியது.

கடைக்காரப் பிள்ளை வெளியே வந்தது. “ஐயா, உங்களுக்குத் தெரியாதே? முந்தநாள் காலமை, ஆசுப்பத்திரியில.”

“ஓம் பிள்ளை, இப்பதான் வாசிச்சனான்” என்றேன். அந்த நேரத்திலும் வாசித்தேன் என்றுதான் வாயில் வந்தது.

உங்களில் பலர் அவரிடம் ஒரு கிரைண்டரையாவது மிக்சியையாவது தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். சேலைக் கடைக்குக் கீழே, ஆள் குனிந்து இறங்க வேண்டிய அந்த நிலவறைதான் அவருடைய வேலையிடம். நான் அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் இருபத்தாறு வருடம் நின்றவன். எங்கள் பெரிய கிரைண்டர் சில நாள் உறுமும், கல் சுற்றாது. உடனே அண்ணையைக் கூப்பிடுவோம்.

அவர் வந்தால் முதலில் பிளக்கைக் கழற்றுவார். பிறகு மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் திருப்புளியால் சேர்த்துத் தொடுவார். டிக் என்று ஒரு பொறி பறக்கும். அதோடு கழற்ற வேண்டியதுதானே? மாட்டார். ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கி, ஆறுதலாய்க் குடித்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தைத் தொடுவார்.

“என்ன அண்ணை, ஒருக்காச் செத்ததைத் திரும்பவும் கொல்லுறியளே?” என்று நான் பகிடி பண்ணினேன்.

“சாகேல்லையடாப்பா. ஒளிச்சிருக்கு.”

நான் நம்பவில்லை. அவர் ஒரு பழைய கப்பாசிட்டரை வெறுமையாக்கி, மீற்றரைக் கொழுவிக் காட்டினார். முள் சுழியத்தில் கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவரும் ஒன்றும் செய்யாமலே, அது மெல்ல மெல்ல எழும்பியது. எனக்குப் பேய் பார்த்ததுபோல் இருந்தது. தேத்தண்ணிக்காகத்தான் இரண்டு தரம் தொடுகிறார் என்று சொல்லித் திரிந்த சமையல்காரரும் அன்று வாயை மூடிக்கொண்டார்.

இன்னொரு நாள் பழுதான ஒன்றை வெட்டிக் காட்டினார். பாய் சுருட்டியதுபோல் இரண்டு மெல்லிய தகடுகள், அவற்றுக்கு இடையில் கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் தாள்.

“இந்தத் தாள் கரண்டை விடாது. ஆனா சும்மாவும் இராது” என்றார். இந்த வசனத்தை அவர் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பேனோ தெரியாது.

“விடாட்டில் ஏன் வைச்சிருக்கினம்? எடுத்தெறிஞ்சா இன்னும் நல்லாய் ஓடுமே?”

“எடுத்தா ரெண்டு தகடும் முட்டும், கதை முடிஞ்சுது. வெறும் காத்தை இடையில விட்டா, இந்த வேலைக்கு இந்தக் கட்டடமளவு கப்பாசிட்டர் வேணும். தாளுக்குள்ள இருக்கிற துணிக்கையள் இடத்தை விட்டுப் போகாது யாக்கோபு. இழுபட்டு, ஒரு பக்கமாத் திரும்பி நிக்கும். அதுகள் அப்பிடி நிக்கிறதாலதான் தகட்டில கூடச் சேருது.”

போகவிடாத ஒன்று எப்படிக் கூடச் சேர்க்கும்? அன்றைக்கும் குழம்பினேன், இன்றைக்கும் குழம்புகிறேன். அவர் அதற்காகக் கோபித்ததில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது, அவரிடமே சொல்லியிருக்க வேண்டியது.

தேர் நாள் அது. கோயில் இருக்கிற ரூ பஜோல் தெருப் பக்கம் சனம் நெருங்கி நிற்கிறது, எங்கள் கடையில் ஆயிரம் வடைக்கு உழுந்து ஊறிக் கிடக்கிறது, கிரைண்டர் உறுமுகிறது. அண்ணை நகருக்கு வெளியே, சேன்-தெனிப் புறநகரில் அகப்பட்டுவிட்டார். தெருக்கள் மறித்திருந்தபடியால் வர நேரம் எடுக்கும் என்று போனில் சொன்னார்.

“நீ எத்தினை தரம் பாத்திருக்கிறாய், நீயே மாத்து. கீழ என்ரை நிலவறையில ரெண்டு பால்மாப் பேணி இருக்கு. ‘ஓட்டம்’ எண்டு எழுதினதுக்குள்ள இருபத்தஞ்சு எடு.”

“ஓம் அண்ணை” என்றேன். எழுத்து வாசிக்கத் தெரியாது என்று சொல்லவில்லை. இலக்கம் எனக்குத் தெரியும். காசும் மெற்றோவும் அதைப் பழக்கியிருந்தன. முதல் தகரப் பேணியின் மூடியைத் திறந்தேன். இருபத்தைந்து என்று போட்ட ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டு ஓடினேன். மற்றப் பேணியிலும் ஓர் இருபத்தைந்து கிடந்தது எனக்குத் தெரியாது. நான் திறந்த பேணியில் அவர் எழுதியிருந்தது ‘தொடக்கம்’.

மாட்டினேன். கல் சுற்றியது. குசினியில் எல்லோரும் கைதட்டினார்கள். பத்து நிமிடத்தில் வெடித்தது. உள்ளிருந்த ஈரத் தாளும் நாற்றமும் உழுந்து மாவுக்குள் தெறித்தன. அவ்வளவு மாவும் குப்பைக்குப் போனது.

அண்ணை வந்து வெடித்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதலாளி கத்திக்கொண்டிருந்தார். “ஆர் இதைத் தந்தது?”

“நான்தான்” என்றார் அண்ணை. “பேணி மாறி வைச்சிட்டன். பிழை என்ரை.”

நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. முதலாளி அதன் பிறகு அவரைக் கூப்பிடவேயில்லை, வேறொருவரைப் பிடித்தார். தெருவில் இன்னும் இரண்டு கடைகள் அவரை விட்டன.

எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். “இலக்கம் ஒண்டுதான், இடையில இருக்கிறது வேற. தொடக்கிறது ஒரு கணம் தாங்கும், பிறகு விலகிட வேணும். ஓடுறது முழுநாளும் நிண்டு தாங்கும்.” பேணியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த முறை போனபோது ஒரு பேணியின் மூடிக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்திருந்தார். “கண் மங்குது, எழுத்துப் பிடிபடேல்லை” என்றார். வேலையை விட்ட பிறகு பின்னேரங்களில் நான் கீழே போய் இருப்பேன். “சிவப்பில ஒண்டு எடு” என்பார், எடுத்துக் கொடுப்பேன். ஆனால் அதே கண்ணால் அவர் மயிர் போன்ற கம்பியை ஊசித் துவாரத்தில் கோப்பார். அது என் புத்தியில் படவேயில்லை.

பிறகு நான் ஒருவருக்கும் தெரியாமல் படித்தேன். பேத்தியைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்து காத்திருப்பேன். அங்கே படிப்பிக்கும் நித்யா தமிழ்நாட்டுப் பிள்ளை, வார நாட்களில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. “சும்மா உக்காந்திருக்கறதுக்கு எழுதுங்க தாத்தா” என்று கொப்பியைத் தந்தது. ‘அ’ எழுதிய அன்று மெற்றோவில் ஆட்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஒருநாள், அண்ணை ஏன் கப்பாசிட்டரை இரண்டு தரம் தொடுகிறார் என்று கேட்டேன். நித்யா துள்ளியது.

“தாத்தா, நான் மூணு வருஷமா அதைத்தான் அளந்துட்டு இருக்கேன்! உள்ள இருக்கிறதெல்லாம் ஒரே ஸ்பீடுல திரும்பாது. சிலது சோம்பேறி. நீங்க வெறுமையாக்கின அப்புறமும் அது மெதுவாத்தான் பழைய நிலைக்கு வரும். அப்போ மறுபடி கொஞ்சம் சார்ஜ் தலைகாட்டும்.”

“அப்ப அண்ணை சொன்னது சரி. ஒளிச்சிருந்தது.”

“உங்க அண்ணன் எந்த யூனிவர்சிட்டி?”

“நிலவறை” என்றேன்.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வேறொரு திட்டம் இருந்தது. கீழே இறங்கி, இரண்டு பேணிகளையும் தடக்காமல் உரத்து வாசித்து, ‘அண்ணை, அன்றைக்குப் பிழை என்ரை’ என்று சொல்ல வேண்டும். ‘க்க’ கொஞ்சம் சரிவரட்டும், அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இருந்துவிட்டேன். வாழைக்குலை தொங்கிய கடைக் கண்ணாடி முந்திக்கொண்டது.

அடக்கத்துக்குப் பிறகு அவருடைய மனைவி றோசம்மா அக்கா கூப்பிட்டா. நிலவறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். “உமக்கு வேண்டியதை எடும் யாக்கோபு” என்றா. நான் பேணிகளுக்கு முன்னால் போய் நின்றேன். ‘தொடக்கம்.’ ‘ஓட்டம்.’ இரண்டும் தடக்காமல் வந்தன, கேட்க வேண்டியவர் இல்லை. சிவப்பு மூடியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

“என்ன எழுதியிருக்கு? நான் கண்ணாடி கொண்டரேல்லை” என்றா அக்கா.

எழுத்தெழுத்தாக வாசித்தேன். “சிவப்பு, யாக்கோபுவுக்காக. பெயின்ற் அழிந்தால் திரும்பப் பூசவும்.”

அக்கா என்னையே பார்த்தா. “உமக்கு வாசிக்கத் தெரியாதெண்டெல்லே இவர் சொன்னவர்? ஒருதருக்கும் சொல்லிப்போடாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்.”

“இப்ப தெரியும் அக்கா.”

வெட்கப்படுவதா, சந்தோஷப்படுவதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இத்தனை வருடம் அறிந்திருந்தார், தன் கண்ணைப் பழி சொன்னார். நான் மறைத்தேன் என்று நினைத்ததை அவரும் சேர்ந்து மறைத்திருக்கிறார். பாருங்கள், நான் படித்திராவிட்டால் அந்தத் துண்டும் எனக்குப் பழுதான மின்சாமானின் காகிதமாகத்தான் இருந்திருக்கும். உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். அன்றைக்குப் பேணியை மாற்றி எடுத்தவன் நான். அண்ணையில் ஒரு பிழையும் இல்லை.

சிவப்பு மூடியை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பெயின்ற் உரிந்திருந்தது, பூசிவிட்டேன். திருப்புளியும் என்னிடம்தான். ‘விடாது, ஆனா சும்மாவும் இராது’ என்பது இன்னமும் முழுதாய் விளங்கவில்லை. அதையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

இதை எழுதினால் நெஞ்சு வெறுமையாகிவிடும் என்று நினைத்தேன் அண்ணை. போன வசனத்தோடு ஆகியும்விட்டது. பேனையை வைத்துவிட்டு எழும்பி ஒரு தேத்தண்ணி குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால் நெஞ்சுக்குள் அந்த மீற்றர் முள் எழும்பியிருக்கிறது. அடுத்த கிழமை பேனையால் திரும்பவும் தொடுகிறேன்.